மணிமேடைக்குச் சாந்து பூசும் முன்

நாகர்கோவிலின் மணிக்கூண்டான மணிமேடையை வழி சொல்லவும் பேருந்துக்குக் காத்து நிற்கவும் உதவும் அடையாளமாகவே பலரும் அறிந்திருக்கிறார்கள். பழைய கட்டடங்களைச் செப்பனிடும் பொறியாளன் என்ற முறையில் நான் அந்தச் சந்திப்பைப் பற்றி எழுத முற்படுவதற்குக் காரணம் வேறு. நகரின் நடுவே உள்ள இப்பொதுவெளியின் கட்டடம் தமிழ்நாட்டில் நிற்கிறது. அது எழுந்த காலத்து அரசான திருவிதாங்கூரின் ஆவணங்களோ திருவனந்தபுரத்தில் இருக்கின்றன. இந்தப் பிரிவை அறியாமல் எடுக்கப்படும் பராமரிப்பு முடிவுகள், நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டாலும், கட்டடத்துக்குக் கேடாகவே முடிகின்றன.

ஊரின் பழைய மையங்கள் இங்கே இல்லை. முதலாம் குலோத்துங்க சோழன் நிலைப்படை நிறுத்திய கோட்டாறு தெற்கே தன் சந்தையோடு இருந்தது. கோயில் நகைகளுக்குப் பெயர் பெற்ற வடசேரி வடக்கே இருந்தது. நாகராஜா கோயில் தனக்கென்று ஒரு வட்டத்தைக் கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் சங்கத்தார் நாகர்கோவிலில் நிலைகொண்டு, 1819இல் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டி, பள்ளிகளை வளர்த்தபோது, கோயிலையும் சந்தையையும் சாராத வேறொரு நகர வாழ்க்கை இவற்றுக்கிடையே உருவாயிற்று. மணிமேடைச் சந்திப்பு அந்த வாழ்க்கைக்கு உரியது என்பது என் கருத்து.

திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் நாகர்கோவிலுக்கு வந்ததன் நினைவாகக் கட்டப்பட்ட மணிமேடை 1893 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்டது. லண்டன் மிஷனைச் சேர்ந்த டத்தி போதகர் மன்னருக்கு அளித்த, இங்கிலாந்தின் டெர்பி நகரில் செய்யப்பட்ட கடிகாரமே அதில் பொருத்தப்பட்டது. செலவு 3,258 ரூபாய் 9 சக்கரம் 12 காசு. அதில் மன்னர் கொடுத்தது 1,017 ரூபாய், மீதி பொதுமக்களிடம் திரட்டப்பட்டது. செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஊரார் பணம் என்பதால், இதை மன்னர் கட்டிய கோபுரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு உவப்பாக இல்லை.

இந்தக் கணக்கை வாசிக்கவும் சிறிது பயிற்சி வேண்டும். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆகவே 9 சக்கரம் என்பது ரூபாயில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அக்கால ஆவணங்கள் மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டில் தேதியிடப்பட்டவை. அந்த ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆங்கில ஆண்டைப் பெற ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை 824ஐயும், ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்ட வேண்டும். மணிமேடை திறந்தது 1068ஆம் ஆண்டு மாசியில். எப்போதும் 825ஐக் கூட்டிவிட்டு, ஒரு கட்டடத்தின் வயதை ஓராண்டு பிசகாக எழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நேசமணி தலைமையில் அதற்காகப் போராடிய மக்களுக்கு அது வெற்றி. ஆயினும், பழைய பொதுக்கட்டடம் ஒன்றின் கோப்பைத் தேடுபவர் இன்றும் எல்லை தாண்டி, கேரள மாநில ஆவணக் காப்பகத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. மணிமேடைக்கு அருகே பின்னாளில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் சிலையும் எழுந்தது. அவர் பிறந்த ஒழுகினசேரி இதே நகரில்தான் உள்ளது.

இனிப் பராமரிப்புக்கு வருகிறேன். அக்காலத்தில் இப்பகுதியின் பொதுக்கட்டடங்கள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, வெயில் காலத்தில் அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசும்போது ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழுகிறது. ஒப்பந்தக்காரர் இதற்குச் சொல்லும் தீர்வு வழக்கமாக இன்னும் கனமான சிமெண்ட் பூச்சு. அதைப்போல மோசமான மருந்து இல்லை. முதலில் உதிர்ந்த பழைய சாந்தில் சிறிது எடுத்து, நீர்த்த அமிலத்தில் சுண்ணாம்பைக் கரைத்து, மிஞ்சிய மணலை நிறுத்துப் பார்த்தால் கலவையின் விகிதம் ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் சிப்பி கலந்த மணல் என்றால் சிப்பியும் அமிலத்தில் கரையும் என்பதால் கணக்கு ஏமாற்றக்கூடும். நன்கு ஊறவைத்த சுண்ணாம்போடு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைச் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்களைத் தேடிப்பிடித்து வேலை கொடுப்பது பொறியாளரின் பொறுப்பு.

நூறாண்டு கடந்தாலே ஒரு கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, உரிய சட்டத்தின் கீழ் அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் அது கிடைக்கும். ஆகவே, உங்கள் ஊரில் இத்தகைய கட்டடத்துக்குப் பராமரிப்புப் பணி அறிவிக்கப்பட்டால், சாந்துப் பரிசோதனை செலவு மதிப்பீட்டில் இருக்கிறதா, பூச்சுக்குச் சுண்ணாம்பு என்று எழுதியிருக்கிறதா என்று உள்ளாட்சி மன்ற உறுப்பினரிடமோ அதன் அலுவலகத்திலோ எழுத்து மூலம் கேளுங்கள். வேலை தொடங்கும் மாதத்தையும் கேளுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில், சுண்ணாம்புப் பூச்சு இறுகுவதற்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான்; நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்கும் அவசரமும் அதே மாதங்களில்தான் வரும்.