மெக்னீசியம் டெஸ்ட்: முதலில் உப்பைப் பாருங்கள்

"சார், மெக்னீசியம் 1140தான் காட்டுது. அதை ஏத்துற மருந்து பாட்டில் வாங்கி வெச்சிட்டேன். எத்தனை மில்லி ஊத்தணும்?"

உப்புத் தண்ணீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில். இந்த மாதிரி போன் அடிக்கடி வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "உப்பு எவ்வளவு இருக்கு?" பெரும்பாலும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே வராது.

இவருக்குப் பதில் தெரிந்திருந்தது. 35 என்றார். நேரில் போய்ப் பார்த்தபோதும் அவருடைய ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பளவைக் காட்டும் கருவி) 35தான் காட்டியது. ஆனால் வாங்கிய நாளிலிருந்து அதை அவர் சரிபார்த்ததே இல்லை. என் பையில் இருந்த, கருவியைச் சரிபார்க்கும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தை அதன் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டேன். 39 காட்டியது. அப்படியென்றால் தொட்டியின் உண்மையான உப்பு சுமார் 31தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 35 பிபிடி கடல்நீரில் மெக்னீசியம் ஏறக்குறைய 1290 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1290 பங்கு) இருக்கும். அதே நீர் 31க்கு நீர்த்துப் போனால் 1140 ஆகிவிடும். அவருடைய டெஸ்ட் கிட் பொய் சொல்லவில்லை, மெக்னீசியமும் குறையவில்லை. தண்ணீர்தான் நீர்த்துப் போயிருந்தது. கால்சியமும் அதே விகிதத்தில் இறங்கித்தான் இருந்தது. அவர் பாட்டிலைக் கவிழ்த்து 1290க்குக் கொண்டுவந்து, பிறகு ஒருநாள் உப்பையும் சரிசெய்திருந்தால், மெக்னீசியம் 1440ஐத் தொட்டிருக்கும். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சில நாள் ஆர்ஓ தண்ணீர் (உப்பு நீக்கிய தண்ணீர்) ஊற்றாமல் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அவ்வளவுதான் வைத்தியம்.

சரி, மெக்னீசியம் எதற்கு? கடல்நீர் கால்சியம் கார்பனேட்டை அளவுக்கு மீறிக் கரைத்து வைத்திருக்கும் நீர். நியாயமாகப் பார்த்தால் அது எப்போதோ சுண்ணாம்பாகப் படிந்திருக்க வேண்டும். படிய விடாமல் தடுப்பதில் மெக்னீசியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுண்ணாம்புப் படிகம் ஒன்று வளரத் தொடங்கினால், அதன் மேல் மெக்னீசியம் போய் ஒட்டிக்கொண்டு, அடுத்த அடுக்கு ஒழுங்காக உட்காராமல் கெடுத்துவிடும். மெக்னீசியம் நன்றாகக் குறைந்தால் இந்தக் காவல் தளரும். பவளத்துக்காக நீங்கள் ஊற்றும் கால்சியமும் ஆல்கலினிட்டியும் (கார்பனேட், பைகார்பனேட் சத்து) ஹீட்டர் மேலும் பம்புக்குள்ளும் வெள்ளையாகப் படிய ஆரம்பிக்கும்.

அப்படி உண்மையாகவே குறைந்த தொட்டியையும் பார்த்திருக்கிறேன். 300 லிட்டர், முழுக்கக் கல் பவளங்கள், அதாவது சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் வகை. தண்ணீர் மாற்றுவதைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டு, இரண்டு வருடமாகக் கால்சியம், ஆல்கலினிட்டி திரவங்களை மட்டும் டோசிங் பம்ப் (அளவாகச் சொட்டுவிடும் பம்ப்) வழியாக விட்டுக்கொண்டிருந்தார்கள். டோஸை ஏற்ற ஏற்ற ஆல்கலினிட்டி 6.5 டிகேஹெச்சை (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) தாண்ட மறுத்தது. ஹீட்டரை வெளியே எடுத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. வினிகரில் போட்டதும் பொங்கியது. தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்பின் இம்பெல்லர் (சுழலும் சக்கரம்) கையால் சுற்றினாலும் இறுகியிருந்தது. ஆல்கலினிட்டியோ பிஹெச்சோ அதிகமானாலும் இப்படிப் படியும் என்பதால், படிவை மட்டும் வைத்து நான் முடிவெடுப்பதில்லை. உப்பைப் பார்த்தேன், 35. மெக்னீசியம் 1080. நம்பாமல் மறுபடி எடுத்தேன், 1095. இது நிஜம்.

இந்த இரண்டு வருடம் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பவளத்தின் எலும்புக்கூடு அரகோனைட் என்ற ஒருவகைக் கால்சியம் கார்பனேட். அதில் மெக்னீசியம் சொற்பம். பாறை மேல் ஊதா நிறத்தில் படரும் கோரலைன் பாசிதான் கொஞ்சம் கூடுதலாக எடுக்கும். ஒரு தொட்டி நாளுக்கு 1 டிகேஹெச் ஆல்கலினிட்டியைச் செலவழிக்கிறது என்றால், கூடவே கால்சியம் 7 பிபிஎம் போகும். மெக்னீசியம் அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தாலும் மாதத்துக்கு 20 சொச்சம்தான். நிறம் மாறும் வரை சிரிஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு, ஒரு மில்லிக்கு 1500 பிபிஎம் என்று கணக்கு வைத்திருக்கும் கிட்டில், 0.03 மில்லி அளவுள்ள ஒரே ஒரு சொட்டு கூடிப்போனாலும் விடை 45 மாறிவிடும். வாரா வாரம் டெஸ்ட் எடுப்பவர் பார்ப்பது மெக்னீசியத்தை அல்ல, தன் கை நடுக்கத்தைத்தான்.

அதனால் கல் எலும்புக்கூடு கட்டாத மென் பவளங்கள் வைத்து, வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுபவர் என்றால், மெக்னீசியம் கிட் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். அந்தக் காசுக்கு ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்கும் திரவம் வாங்குங்கள். கல் பவளம் நிறைய இருந்து, டோசிங்கும் நடந்தால் மாதம் ஒருமுறை போதும். கால்சியமும் ஆல்கலினிட்டியும் பிடி கொடுக்காமல் நழுவும்போது கட்டாயம் எடுங்கள். உப்பு பிராண்டை மாற்றினால், புதிதாகக் கலக்கிய தண்ணீரில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உப்புக்கு உப்பு மெக்னீசியம் மாறும். 1400ஐத் தாண்டுவதும் உண்டு. அதற்காகப் பதறி இறக்கப் பார்க்க வேண்டாம்.

எடுக்கும்போது சிரிஞ்சு நுனியில் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறும் இடத்தில் அவசரப்படாமல் ஒவ்வொரு சொட்டுக்கும் நன்றாகக் குலுக்குங்கள். கிட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். விடை விசித்திரமாக இருந்தால் மறுநாள் மறுபடி எடுங்கள். மெக்னீசியம் ஒரு இரவில் ஓடிப்போகாது.

அந்த 300 லிட்டர் தொட்டிக்கு 200 பிபிஎம் ஏற்ற வேண்டியிருந்தது. அதாவது 60 கிராம் மெக்னீசியம். மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டில் எடையில் 12 சதவீதம்தான் மெக்னீசியம் என்பதால், சுமார் அரை கிலோ பொடி. அதில் ஒரு பகுதியை எப்சம் உப்பாக (மெக்னீசியம் சல்பேட்) மாற்றிக்கொண்டேன். குளோரைடையே கொட்டிக்கொண்டிருந்தால் சல்பேட்டோடு அதற்குள்ள விகிதம் கலைந்துவிடும். ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, நாளுக்கு 50 பிபிஎம் வீதம் நான்கு நாள் சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டி) ஊற்றினோம். ஒரே நாளில் ஏன் முடிக்கவில்லை என்று கேட்டார்கள். கடல்வாழ் முதுகெலும்பில்லாத உயிர்களை ஆய்வகத்தில் மயக்கமூட்டப் பயன்படுத்துவதே மெக்னீசியம் குளோரைடுதான். நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழுவதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

ஐந்தாம் நாள் 1290. உப்பையும் மறுபடி பார்த்தோம், 35லேயே இருந்தது. அடுத்த வாரம் கால்சியம், ஆல்கலினிட்டி டோஸைப் பாதியாகக் குறைத்தும் ஆல்கலினிட்டி 7.5ல் நின்றது. வினிகரில் ஊறிய ஹீட்டரை ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். வாட்ஸ் எண் தெளிவாகப் படிக்க முடிந்தது.