வயிற்றில் கலந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு

எலிச் சிறுநீர்க் காய்ச்சல். மருத்துவர் கொடுத்தது டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை 100 மில்லிகிராம், காலையும் இரவும், ஏழு நாளுக்கு. செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் வேளை தவறாமல்தான் விழுங்குகிறார். வயிறு எரிகிறதென்று கூடவே கேஸ்ட்ரிக் வெள்ளை மருந்து. உடம்பு தேறட்டுமென்று மனைவியின் இரும்பு மாத்திரையும். காய்ச்சல் அடங்காமல் போகவே, “இதில் வீரியம் இல்லை, வேறு கொடுங்கள்” என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் மருந்தகத்துக்கு வந்து நிற்கிறார். இந்த மாதமும் இப்படி ஒருவர்.

“எல்லாம் வயிற்றில் போய்க் கலக்கத்தானே போகிறது?” இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கலப்பதுதான் ஐயா வினையே! டாக்சிசைக்ளின் மூலக்கூறில் ஆக்சிஜன் அணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரும்போ, வெள்ளை மருந்தில் இருக்கும் மெக்னீசியமோ அலுமினியமோ, கால்சியமோ எதிர்ப்பட்டால் நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல் கவ்விக்கொள்ளும். அப்படி உருவாகும் கூட்டுப்பொருள் குடல் சுவரைத் தாண்டாது. மருந்தும் போயிற்று, இரும்பும் போயிற்று. இரும்பு இதில் மகா கெட்டது. ஊசி வழியாக ஏற்றிய டாக்சிசைக்ளினைக்கூட, அந்த மருந்து பித்தத்தோடு குடலுக்கு வரும் வழியில் மடக்கிவிடும். எனவே அந்த ஏழு நாளும் இரும்பை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளை மருந்துக்கு இரண்டு மூன்று மணி நேர இடைவெளி கட்டாயம். வயிறு எரிந்தால் சோற்றுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள்.

சிப்ரோஃபிளாக்சசின் என்ற இன்னொரு கிருமிக்கொல்லியும் இதே ரகம். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் விடுங்கள்.

கர்ப்பிணித் தங்கைகளே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இரும்பு மாத்திரையைத் தே தாரேக்கோடு, அதாவது ஆற்றிய பால் தேநீரோடு, விழுங்காதீர்கள். தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மைலோவும் வேண்டாம், அதில் பால் இருக்கிறது. வெறும் தண்ணீர் போதும். கொய்யாப்பழம் கிடைத்தால் இன்னும் நல்லது. மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்தாதீர்கள், இரும்பு சாப்பிட்டால் அப்படித்தான் போகும்.

இந்தக் கவ்வும் குணத்தால் உயிர் பிழைப்பவர்களும் உண்டு. தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை உள்ள பிள்ளைகளின் உடலில் தேங்கும் இரும்பை வெளியேற்றுவது டெஃபெரசிராக்ஸ் என்ற மருந்து. அதன் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஓர் இரும்பு அயனியை வளைத்துப் பிடிக்கின்றன. அந்தப் பிள்ளைக்கே ‘இரத்தம் குறைவு’ என்று இரும்பு டானிக் கேட்டு வரும் பெற்றோரை என்ன சொல்வது? மருத்துவர் சொல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

எதற்குப் பின் எதை விழுங்குவது என்று குழப்பமா? வீட்டில் இருக்கும் மாத்திரை, டானிக், பாட்டி கொடுத்த லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நேரம் எழுதிக் கொடுக்க நான் காசு வாங்குவதில்லை.