எத்தனை ‘சிசி’? பழைய கார் வாங்குவோருக்கு ஒரு சொல் விளக்கம்

பழைய கார் ஒன்றை விலை பேசும்போது தவறாமல் எழும் கேள்விகளுள் ஒன்று, “இது எத்தனை சிசி?” என்பது. விற்பவர் ஓர் எண்ணைச் சொல்கிறார், ஆர்.சி. புத்தகத்தில் ‘கியூபிக் கெபாசிட்டி’ என்ற இடத்தில் ஓர் எண் இருக்கிறது. வண்டியின் பின்புறத்தில் 1.2 என்றோ 1.3 என்றோ இன்னோர் எண் மின்னுகிறது. இவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கு, சிசி என்பது எதை அளக்கிறது என்ற தெளிவு முதலில் வேண்டும்.

கியூபிக் சென்டிமீட்டர் என்னும் இரு சொற்களின் முதலெழுத்துகளே சிசி. கியூபிக் என்பதன் வேர், பகடைக்காயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான கூபோஸ். சென்டி என்பது நூறு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தும், மீட்டர் என்பது அளவு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தும் வந்தவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு சென்டிமீட்டராக உள்ள கட்டி அடைக்கும் இடம் ஒரு சிசி. 1000 சிசி சேர்ந்தால் ஒரு லிட்டர். மருத்துவமனையில் ‘5 சிசி ஊசி’ என்று சொல்லப்படுவதும் இதே அலகுதான். அந்த ஊசியில் தண்டை இழுக்கும்போது அது கடந்து வந்த இடத்தின் அளவே உள்ளே ஏறும் மருந்தின் அளவாகிறது. எஞ்சினின் சிசியும் அவ்வாறே, சிலிண்டர் என்னும் குழாய்க்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் தன் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே கடக்கும் இடத்தின் அளவாகும்.

அலகுக்குத் தமிழ் தேடுவதில் சிக்கல் இல்லை. கன சென்டிமீட்டர், சுருக்கமாகக் க.செ.மீ., என்பது பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. அளக்கப்படும் பொருளுக்கு என்ன பெயர் என்பதில்தான் குழப்பம் உள்ளது. ‘இயந்திர இடப்பெயர்ச்சி’ என்ற மொழிபெயர்ப்பு வழங்குகிறது. அது முற்றிலும் பிழையானது. இயற்பியலில் இடப்பெயர்ச்சி என்பது ஒரு பொருள் குறிப்பிட்ட திசையில் நகர்ந்த தொலைவு, மீட்டரில் அளக்கப்படுவது. அதைக் கன அலகால் சொல்ல வழியே இல்லை. ‘கொள்ளளவு’ என்பது உண்மைக்கு நெருங்கி வருகிறது என்றாலும் முழுமையாகப் பொருந்தவில்லை, ஏனெனில் பிஸ்டன் உச்சிக்குச் சென்ற பின்னும் அதற்கு மேலே எஞ்சியிருக்கும் எரியறையின் இடம் சிசி கணக்கில் சேர்வதில்லை. பிஸ்டன் கீழே இருக்கும்போது அதற்கு மேலுள்ள மொத்த இடம், உச்சியில் இருக்கும்போது எஞ்சும் இடத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதே அழுத்த விகிதம். அது 10 ஆக உள்ள ஒரு 900 சிசி எஞ்சினில், எரியறைகளில் மட்டும் மேலும் 100 சிசி இடம் இருக்கும். ஆகவே ‘வீச்சுக் கனஅளவு’ என்பதே தகுந்த சொல் என்பது என் துணிபு. பிஸ்டனின் ஒரு முழு நகர்வுக்கு வீச்சு என்ற பெயர் ஏற்கெனவே உள்ளதால், அளவிடும் முறையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

முறை எளிது. சிலிண்டரின் உள்விட்டத்தைப் பட்டறையில் ‘போர்’ என்பார்கள். அந்த விட்டத்தைக் கொண்டு வட்டப் பரப்பைக் கண்டு, வீச்சால் பெருக்கி, பின்னர் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். மாருதி 800 காரில் போர் 68.5 மி.மீ., வீச்சு 72 மி.மீ., சிலிண்டர்கள் 3. பெருக்கினால் 796 சிசி. பெயரில் 800, உண்மையில் 796. ஸ்விஃப்ட் டீசல் காரின் 1.3 லிட்டர் எஞ்சினோ 1248 சிசி. தசமத்தை முறையாகச் சுருக்கினால் 1.2 என்றுதான் வர வேண்டும். எனவே பெயர்ப்பலகை எண்ணை நம்பி விலை பேசுவது தவறு.

ஒரே பெயருள்ள வண்டிக்குள் வெவ்வேறு எஞ்சின்கள் இருப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 2000 சிசியும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை விதித்ததும், 2179 சிசி எஞ்சினோடு விற்கப்பட்ட மஹிந்திரா ஸ்கார்ப்பியோவும் எக்ஸ்யூவி 500 காரும் 1990 சிசி எஞ்சினோடும் வெளிவந்தன. 2016 ஆகஸ்டில் தடை நீங்கியது. ஆனால் அந்த வண்டிகள் இன்று பழைய கார் சந்தையில் இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

சரிபார்க்கும்போது, எஞ்சினின் உடற்பகுதியான பிளாக்கில் பொறிக்கப்பட்ட எஞ்சின் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ புதிய பெயின்டோ தெரிந்தால் மேற்கொண்டு பேசாமல் விலகுவது நல்லது. எண் ஒத்திருந்தும் ஐயம் தீரவில்லை என்றால், பெட்ரோல் வண்டியில் தேர்ந்த மெக்கானிக் ஒருவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெல்லிய கோல் ஒன்றை உள்ளே விட்டு, பிஸ்டனோடு இணைந்து சுழலும் தண்டான கிராங்கைக் கையால் மெதுவாகச் சுழற்றி, கோல் ஏறி இறங்கும் தொலைவை அளந்து சொல்லலாம். பிளக் துளை பிஸ்டனுக்கு நேர் மேலே செங்குத்தாக உள்ள எஞ்சின்களில் இதுவே வீச்சு. போரை அளக்க மட்டும் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து (பட்டறையில் இதை ரீபோர் என்பார்கள்) சற்றே பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருந்தால் சிசி சற்றே கூடும். மாருதி 800 எஞ்சினில் போர் அரை மில்லிமீட்டர் அகன்றால் 796 என்பது ஏறத்தாழ 808 ஆகிறது. இந்தக் கூடுதல் வண்டியின் சிறப்பு அன்று. சிலிண்டர் ஒருமுறை தேய்ந்து ரீபோர் செய்யப்பட்டது என்பதற்கான சான்று. சிசி கூடினால் திறனும் அதே அளவில் கூடும் என்பதும் இல்லை: ஆல்டோ கே10 காரிலும் பலேனோ ஆர்எஸ் காரிலும் இருந்தவை 998 சிசி எஞ்சின்களே, ஆனால் முன்னதன் திறன் ஏறத்தாழ 68 குதிரைத் திறன், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ பொருத்திய பின்னதன் திறன் ஏறத்தாழ 102.

எஞ்சினையே மாற்றியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி அந்த மாற்றம் பதிவு அலுவலகத்தின் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 1000 சிசி வரை, அதற்கு மேல் 1500 வரை, 1500-க்கு மேல் என்ற மூன்று படிகளாக விதிக்கப்படுவதால், ஆர்.சி.யில் ஓர் எண்ணும் பானெட்டுக்குள் வேறொரு வீச்சுக் கனஅளவும் உள்ள வண்டியை வாங்கியவர், விபத்து நேர்ந்து இழப்பீடு கோரும் நாளில் அந்த வேறுபாட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படலாம்.