பெட்டி கொளுவிய வாகனம் வழியில் நின்றுவிட்டால்

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கும்போது எனது கராஜுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் தன்மை மாறிவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரோடு கூடாரம், சமையற் பாத்திரம், தண்ணீர்த் தாங்கி, ஜெனரேற்றர் எல்லாவற்றையும் இரண்டு சில்லுப் பெட்டியில் அடுக்கி, அதை டபுள்கப்பில் (இரட்டைக் கபின் பிக்கப்பில்) கொளுவிக்கொண்டு மணற்காட்டுக்கும் சாட்டிக் கடற்கரைக்கும் மன்னார்ப் பக்கத்துக்கும் பலர் புறப்படுகிறார்கள். அவ்வாறு புறப்பட்டவர்களில் ஒருவர் பூநகரியைக் கடந்து வெள்ளாங்குளத்தை நெருங்கும் இடத்திலிருந்து, எஞ்சின் கொதித்து வாகனம் நின்றுவிட்டதென்று ஒரு பிற்பகலில் அழைத்தார். "அண்ணை, றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்க்கட்டோ?" என்பதுதான் அவரது முதற் கேள்வி. "திறக்காதேங்கோ தம்பி, அப்பிடியே விடுங்கோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அருகில் நின்ற அவரது மைத்துனர் மூடியைத் திருகிவிட்டார். முழங்கை வரை வெந்துபோயிற்று.

எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் சுற்றிவரும் றேடியேற்றரின் மூடி வெறும் அடைப்பான் அல்ல. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதும் அதன் வேலை. அந்த அழுத்தத்தினால் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி கழன்ற கணத்தில் அழுத்தம் விலகுவதால் அது ஒரே வீச்சில் ஆவியாக வெளியே பாய்கிறது. ஆகவே எஞ்சினை நிறுத்திக் குறைந்தது முக்கால் மணி நேரமாவது காத்திருந்து, மேற்குழாயைத் தொட்டால் கை தாங்கும் என்ற நிலை வந்த பின்னரே, தடித்த துணியால் மூடியைப் பற்றி மெதுவாகத் திறக்க வேண்டும். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சின் தலைப்பகுதியில் வெடிப்பு விழக்கூடும். வெந்த கையில் பற்பசை பூசும் நம்மவர் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். சாதாரண குளிர்ந்த நீரை இருபது நிமிடங்கள் தொடர்ந்து ஊற்றிக்கொண்டு, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழைப்பதே முறை.

அந்த வாகனம் தினமும் நகருக்குள் எந்தக் குறையுமின்றி ஓடிய வாகனம் என்று உரிமையாளர் பலமுறை கூறினார். அவர் கூறியது உண்மையே. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை அறியாத வீடு இங்கே இல்லை. கூலன்ற் எனும் குளிர்விப்புத் திரவத்தை வாங்குவதற்குப் பதிலாக அதே நீரை ஆண்டுக்கணக்கில் றேடியேற்றருக்குள் ஊற்றினால், அதன் மெல்லிய குழாய்களிலும் அதே படிவுதான் படியும். வெறும் வாகனமாக ஓடும்போது மிஞ்சியிருக்கும் குழாய்கள் சமாளித்துவிடும். பின்னால் பாரம் பூட்டி, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து தென்திசையில் சோளகக் காற்றை எதிர்த்து ஓடும்போதுதான் அந்தக் கடன் வசூலாகிறது. பின்னர் நான் கழற்றிப் பார்த்தபோது குழாய்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அடைபட்டிருந்தது. அவசரத்துக்குக் குடிநீர் ஊற்றலாம். வீடு திரும்பியதும் அதை முழுவதும் வடித்துவிட்டுக் கூலன்ற் நிரப்ப வேண்டும்.

வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை நிறுத்தி, ஹீற்றரை முழு அளவில் திறந்துவிட்டால், எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். வியர்த்துக் கொட்டும் என்பது வேறு விடயம். ஆவி தென்பட்டுவிட்டால் மட்டும் மேலும் ஓட்டக் கூடாது. தெருவை விட்டு இறங்கிச் சமதரையில் நிறுத்த வேண்டும். பெட்டி பின்னால் நிற்பதால் வாகனத்தின் அபாய விளக்குகள் பின்னே வருபவருக்குத் தெரியாமற் போகலாம். எனவே பெட்டிக்கும் பின்னால், ஐம்பது மீற்றருக்குக் குறையாத தொலைவில் முக்கோணப் பலகையை வைப்பது அவசியம். பயணிகள் இடப்புறமாக இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டும். ஆனாலும் ஏ9 வீதியில் முகமாலை போன்ற, போர் முடிந்த பின்னரும் பல ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதிகளில், நிழல் தேடிப் பற்றைக்குள் இறங்கக் கூடாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ணில் படவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

பெட்டியைக் கழற்றுவதில் பலர் அவசரப்படுகிறார்கள். முதலில் அதன் இரு சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, முன்தாங்கியை இறக்கிய பிறகே கொளுவியை விடுவிக்க வேண்டும். பாரத்தைப் பின்பக்கமாக அடுக்கியிருந்தால், விடுவித்ததும் முன்தண்டு சடுதியாக மேலே எழும்பும்; அதன் மேல் குனிந்து நிற்பவரின் தாடைக்கு அது போதுமானது. மொத்தப் பாரத்தில் பத்திலொரு பங்கு அல்லது சற்று அதிகமாகக் கொளுவியின் மீது அழுந்தும்படி வீட்டிலேயே அடுக்கிக்கொண்டால் இந்த ஆபத்தும் குறையும், ஓட்டத்தில் பெட்டி வாலாட்டுவதும் குறையும்.

நின்றுபோன வாகனத்தைப் பெட்டியோடு சேர்த்துக் கயிற்றால் இழுப்பதை நான் எவருக்கும் அனுமதிப்பதில்லை. எஞ்சின் ஓடாதபோது பிரேக்கின் துணைவிசை இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பின்னால் ஒரு தொன் பாரம் தள்ளிக்கொண்டிருக்கும். பெட்டியில்லாத வாகனத்தைக்கூட வள்ளக் கயிற்றால், அதுவும் பம்பரில் கட்டி இழுப்பது தவறு; நைலோன் கயிறு இழுபட்டு அறும்போது சவுக்குப் போலத் திரும்பி வரும். ஓட்டோ கியர் வாகனங்களையும் ஹைபிரிட் வாகனங்களையும், இயக்கும் சில்லுகள் தரையில் உருளும்படி இழுத்தால் கியர்ப்பெட்டியோ மோட்டாரோ பழுதாகும். அவற்றைத் தட்டையான லொறியில் ஏற்றுவதற்கு ஆகும் செலவு, அந்தப் பழுதுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

அன்று காயப்பட்டவர் வைத்தியசாலைக்குப் போன பிறகு, வாகனத்தை லொறியில் ஏற்றினோம். பெட்டி மிஞ்சியது. அயலிலிருந்த கமக்காரர் ஒருவர் உழவு இயந்திரத்தோடு வந்தார். உழவு இயந்திரத்தின் இழுதண்டில் இருப்பது ஊசி போடும் துளை. பெட்டியின் கொளுவியோ டபுள்கப்பின் பின்னால் பூட்டிய 50 மில்லிமீற்றர் இரும்புக் குண்டில் அமர்வது. இரண்டும் பொருந்தவில்லை. டபுள்கப்பின் குண்டைக் கழற்றி அந்தத் துளையில் பூட்டலாம் என்றால், அதன் நட்டுக்குப் பொருத்தமான பெரிய சாவி (ஸ்பனர்) எவரிடமும் இல்லை. சாவியோடு நான் போய்ச் சேரும் வரை, ஆறு பேரும் கூடாரத்தை வீதியோரத்திலேயே விரித்து அதன் நிழலில் இருந்தார்கள். அந்தச் சாவி இப்போது அவர்களுடைய பெட்டியின் கருவிப் பையில் நிரந்தரமாக இருக்கிறது.