புல்வெட்டும் இயந்திரம் நின்றுபோவதும் ஒரு மெல்லிய சவ்வும்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் விளைகள் (தோட்டங்கள்) இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவ மழைக்கு ஒருமுறையும் ஐப்பசி மழைக்கு ஒருமுறையும் காடு பிடித்துவிடுகின்றன. வெட்டுக்கத்தி செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இப்போது பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரமே செய்கிறது. சில வாரங்கள் உழைத்துவிட்டு மற்ற மாதங்களில் விறகுப்புரையில் தொங்கும் இந்த இயந்திரத்தை மறுபடி எடுக்கும்போது, கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஓடாது. ஓடினாலும் ஆக்சிலேட்டரை அழுத்தியவுடன் அணைந்துவிடும். என் இயந்திரத்துக்கும் அதே நிலை வந்தபோது, என்ஜினே போய்விட்டது என்று ஒரு பழுதுபார்ப்பவர் சொல்லிவிட்டார். கழற்றிப் பார்த்தால் சிலிண்டரில் ஒரு கீறல்கூட இல்லை. குறை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குள், பத்து ரூபாய் நாணயத்தின் அளவே இருந்த ஒரு சவ்வில் இருந்தது.

பைக்கின் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்தில் தேங்கி நிற்க, அதில் மிதக்கும் மிதவை அளவைக் காக்கிறது. தோளில் தொங்கி, சரிவில் சாய்ந்து, சில வேளை தலைகீழாகவும் திரும்பும் புல்வெட்டும் இயந்திரத்துக்கு அந்த ஏற்பாடு உதவாது. ஆகவே இதில் கிண்ணத்துக்குப் பதிலாக இரண்டு சவ்வுகள் வேலை செய்கின்றன.

முதல் சவ்வு பம்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது அடியிலுள்ள கிராங்க் அறையில் காற்றழுத்தம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒரு சிறு துளை வழியாக வந்து சவ்வை இழுத்தும் தள்ளியும் டேங்கிலிருந்து பெட்ரோலைக் கொண்டுவருகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது இது நொடிக்கு 100 முறை அசைகிறது. இரண்டாவது சவ்வுதான் அளந்து கொடுப்பது. அதன் ஒரு பக்கம் பெட்ரோல் அறை. மறுபக்கம், மூடியிலுள்ள ஒரு சிறு துளையால் வெளிக்காற்றோடு தொடர்புடையது. என்ஜின் பெட்ரோலை உறிஞ்சும்போது அறையில் அழுத்தம் குறைய, வெளிக்காற்று சவ்வை உள்ளே அமுக்குகிறது. சவ்வின் நடுவிலுள்ள பொத்தான் ஒரு சிறு நெம்புகோலைத் தொட, ஊசி விலகிப் பெட்ரோல் உள்ளே வருகிறது. அறை நிறைந்ததும் சுருள்வில் ஊசியை மூடிவிடுகிறது.

இந்தச் சவ்வு துவள வேண்டும் என்பதே இதன் உயிர். டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுச்செல்ல, சவ்வு விறைத்துப்போகிறது. சும்மா ஓடும்போது தேவையான சிறிதளவு பெட்ரோலை விறைத்த சவ்வும் கொடுத்துவிடும். ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கூடுதலாகக் கொடுக்க முடியாமல் என்ஜின் அணைகிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நம் மழைக்காலக் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து, பெட்ரோல் ஃபில்டர் கிடக்கும் டேங்கின் அடியிலேயே தங்கிவிடும்.

இதைத் தள்ளிப்போடக் கூடாது. இதில் இருப்பது போன்ற டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. எண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் விகிதம் 1:50 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். இரண்டும் சேர்ந்து பிஸ்டனைக் கீறிவிட்டால்தான் உண்மையிலேயே என்ஜின் போகும்.

தொடங்குமுன், அணைத்து ஆறிய இயந்திரத்தில் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டு, அடுப்பும் பீடியும் இல்லாத காற்றோட்டமான இடத்தில் உட்கார வேண்டும். பத்து முறை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்: உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். உலர்ந்திருந்தால் டேங்கின் ஃபில்டரையும் குழாயின் வெடிப்பையும் பார்த்த பிறகே கார்புரேட்டருக்கு வரலாம்.

நான் மூடியின் திருகுகளைக் கழற்றி எடுத்த சவ்வு, ஓரத்தில் பிடித்துத் தூக்கினால் வெயிலில் காய்ந்த அப்பளம் போல விறைத்து நின்றது. மாற்றுச் சவ்வுகள் அடங்கிய கிட்டில் வந்த புதியதோ ஈரத்துணி போல விரலில் துவண்டது. கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் சவ்வும் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கழற்றும்போதே கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் வரிசை மாறினால் பெட்ரோல் வழி தவறிவிடும். பம்புப் பக்கத்தில் இருக்கும் பொட்டளவு வலையிலும் பிசின் அடைத்திருந்தது. துளைகளில் கம்பி விட்டுக் குத்தினால் அவை பெரிதாகி அளவே கெட்டுவிடும் என்பதால், கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சைக்கிள் பம்பால் ஊதினேன். நெம்புகோலை வளைக்கவில்லை. மூடியின் காற்றுத் துளையில் குளவி மண் இருந்தது, அதையும் நீக்கினேன். எல்லாம் பூட்டியபின், பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு இழுத்துவரும் கைக்குமிழை ஏழெட்டு முறை அழுத்தி, சோக் போட்டு இழுத்தபோது நான்காம் இழுப்பில் ஓடியது. ஆக்சிலேட்டரை அழுத்தியும் அணையவில்லை.

இப்போது ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்துக் காலிசெய்து, குழாயிலும் கார்புரேட்டரிலும் மிஞ்சியது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிட்டுத்தான் இயந்திரத்தை விறகுப்புரையில் தொங்கவிடுகிறேன்.