குழுவின் பெயரில் தேடாதீர்கள், பாடியவரின் பெயரில் தேடுங்கள்

பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றிப் பட்டியலிடும் தொழிலில் இருப்பவன் என்பதால், 1980களின் நடனப் பாடல்களைத் தேடி வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது தலைப்பில் உள்ளதைத்தான். அக்கால நடன இசையில், உறையில் அச்சான பெயரும் காணொளியில் ஆடும் முகமும் காதில் விழும் குரலும் வெவ்வேறு ஆட்களுடையவையாக இருப்பது சாதாரணம். பாடகியின் பெயர் தெரியாவிட்டால் அவருடைய சொந்த சிங்கிள்கள் (தனிப்பாடல் தட்டுகள்) தேடலில் அகப்படவே மாட்டா.

1989இல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்த ‘ரைட் ஆன் டைம்’ பாடலை வெளியிட்டது பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு. காணொளியில் வாயசைத்தவர் கத்ரின் கினோல் என்ற மாடல். குரலோ, டான் ஹார்ட்மன் எழுதித் தயாரித்து, 1980இல் சால்சோல் நிறுவனம் வெளியிட்ட ‘லவ் சென்சேஷன்’ பாடலில் லோலியாட்டா ஹாலோவே என்ற பாடகி பாடியது. அவரைக் கேட்காமலே வெட்டி எடுத்து ஒட்டியிருந்தார்கள். சிக்கல் எழுந்தபின் ஹெதர் ஸ்மால் என்ற பாடகியை வைத்து அப்பகுதியை மறுபடி பாடவைத்தார்கள். அவர் பெயரும் தட்டில் இல்லை. ‘லவ் சென்சேஷன்’ அமெரிக்க நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தும் பொதுப் பட்டியலுக்கு ஏறவில்லை என்பதால், கிளப்புக்குப் போகாதவர்களுக்கு அது தெரியாமலே போயிற்று. அதன் ஒலிகளை டாம் மோல்டன் கலந்து அமைத்த, நீண்ட வடிவம் கொண்ட பன்னிரண்டு அங்குலத் தட்டைக் கேளுங்கள். ஹாலோவே ‘கேரவன்ஸ்’ என்ற தேவாலய இசைக்குழுவில் பாடிப் பழகியவர். அடித்தொண்டையில் தொடங்கும் ஒரு வரியை மூச்சு விடாமல் உச்சிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவைக்கும் அந்தப் பயிற்சி பாட்டு முழுவதும் தெரிகிறது. இரவல் வாங்கிய பாட்டில் கிடைப்பது அந்த உச்சி மட்டும்தான். ஏறிவந்த வழி மூலத்தில்தான் இருக்கிறது.

பாடகி மார்தா வாஷின் கதை இதைவிடக் கசப்பானது. பிளாக் பாக்ஸின் ‘எவ்ரிபடி எவ்ரிபடி’ உள்ளிட்ட பாடல்களையும், 1990இல் சி அண்ட் சி மியூசிக் ஃபாக்டரி வெளியிட்ட ‘கானா மேக் யூ ஸ்வெட்’ பாடலின் புகழ்பெற்ற பல்லவியையும் பாடியவர் அவரே. காணொளிகளில் தோன்றியவர்கள் வேறு பெண்கள். அவர் வழக்குத் தொடுத்து, உடன்பாடு கண்டபிறகே குரலுக்கு உரியவரின் பெயரை அச்சிடுவதில் நிறுவனங்களுக்கு அக்கறை வந்தது. பின்னணிப் பாடல் கேட்டு வளர்ந்த நமக்கு வாயசைப்பு குற்றமாகப் படாது. ஆனால் இங்கும் 1949இல் வந்த ‘மஹல்’ படத்தின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதில் ‘காமினி’ என்ற கதாபாத்திரத்தின் பெயர்தான் முதலில் அச்சாகியிருந்தது.

இன்னொரு பாடகியான ஜோசலின் பிரவுனின் ‘லவ்ஸ் கானா கெட் யூ’ பாடலில் வரும் ஒரு வரியைத்தான் 1990இல் ஸ்னாப் குழு ‘த பவர்’ என்று உலகமெங்கும் ஒலிக்கச் செய்தது. அவருடைய பாடல்களில் என் தேர்வு 1984இன் ‘சம்படி எல்ஸஸ் கை’: மெதுவான சோகப்பாட்டுபோலத் தொடங்கி, பொறுமை போகும் நேரத்தில் தாளத்துக்குள் குதிக்கும் அமைப்பு. இந்தத் தொடக்கத்தைத் தவிர்த்துவிட்டுக் கேட்டால் பாட்டின் பாதி போய்விடும்.

கேட்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். ஏழு அங்குலத் தட்டுக்காக வானொலி நேரத்துக்குச் சுருக்கிய வடிவத்தில் பெரும்பாலும் வெட்டுப்படுவது இசை அடங்கிக் குரல் தனியே நிற்கும் நீண்ட பகுதிதான். பன்னிரண்டு அங்குலத் தட்டில் வரிப்பள்ளங்கள் அகலமாக அமைவதால் அடித்தாளமும் கனமாக விழும். அடுத்தது, இணையச் சேவைகளில் உள்ள மலிவான தொகுப்புகளில் அதே பாடகி பல ஆண்டுகள் கழித்து மறுபடி பாடிய பதிவுகள் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. ஆண்டையும் முதலில் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் சரிபார்த்தபிறகே சேமித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, மார்தா வாஷ் தன் பெயரிலேயே வெளியிட்ட ‘கேரி ஆன்’ 1992ஆம் ஆண்டுப் பாடல்.