அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

மும்பை செம்பூரில் என்னிடம் வரும் தைராய்டு நோயாளிகளில் ஒரு அம்மா, திருநெல்வேலிக்காரர். போன வாரம் ரிப்போர்ட்டை மேசையில் வைத்த கையோடு போனை நீட்டினார். "அணு உலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அயோடின் மாத்திரைதான் காப்பாத்துமாமே டாக்டர்? கிடைக்கலன்னா உப்பைக் கூட்டிப் போட்டுக்கிடலாமா?"

வீட்டு உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையிலோ ஏறத்தாழ 100 மில்லிகிராம். அதாவது ஆறரைக் கிலோ உப்பு! சிரித்துவிட்டார். (காயத்துக்குப் போடும் அயோடின் டிங்சரைக் குடிக்கலாமா என்று வேறொருவர் கேட்டார். கூடவே கூடாது, அது விஷம்.)

தைராய்டுக்கு நல்ல அயோடின், கதிரியக்க அயோடின் என்ற பேதம் தெரியாது, கிடைத்ததை இழுத்துக்கொள்ளும். முன்பே நல்லதை நிரப்பிவிட்டால், உலையிலிருந்து வரும் கதிரியக்க அயோடினுக்கு (அயோடின்-131) இடமில்லை. அவ்வளவுதான் மாத்திரையின் வேலை. உலை விபத்தில் வெளிவரும் இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்தை அது தடுக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரக்கணக்கும் கறாரானது: கதிரியக்கம் வந்து சேர்வதற்கு முந்தைய 24 மணி நேரத்திலிருந்து, வந்தபின் 2 மணி நேரம் வரை. 8 மணி நேரம் வரை ஓரளவு பலன் உண்டு.

மாத்திரையை முன்பே வீட்டில் கொடுத்து வைப்பதா என்ற சர்ச்சையே இந்த நேரக்கணக்கால்தான். சுவிட்சர்லாந்தில் உலையைச் சுற்றி 50 கிலோமீட்டர் வரை வீடுகளுக்கே கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் இருந்தால் பதற்றத்தில் விழுங்கிவிடுவார்கள் என்பது எதிர்த்தரப்பு வாதம். அதிலும் நியாயம் உண்டு. தைராய்டில் கட்டி உள்ளவர்களுக்கு இவ்வளவு அயோடின் போனால் சுரப்பி தறிகெட்டு ஓடலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு லாபமும் குறைவு.

"உங்களுக்கு வேண்டாம்மா, கழுத்துல கட்டி இருக்கு" என்றேன்.

"எனக்கு எதுக்கு? பேத்திக்குக் கேக்கேன். மவன் போயிசர்ல இருக்கான்லா."

போயிசர் என்றால் தாராப்பூர் அணுமின் நிலையம் பக்கத்திலேயே. நம் நாட்டு அவசரகாலத் திட்டமே உலையைச் சுற்றி 16 கிலோமீட்டருக்குத்தான். நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மும்பைக்கு வார்டு சுகாதார மையத்தில் இருப்பு வைத்தால் போதும் என்பேன். போயிசர் பிள்ளைக்கு அது சரிவராது. சைரன் ஒலித்தபின் வண்டி பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பதற்குள் நேரம் போய்விடும். அங்கே பள்ளியிலும் வீட்டிலும் முன்பே இருக்க வேண்டும்.

பாலையும் மறக்கக் கூடாது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப்பின் குழந்தைகளின் தைராய்டுக்குப் பெரும்பங்கு கதிரியக்க அயோடின் போனது பால் வழியாகத்தான்.

சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்: 'வயது 4. அரை மாத்திரை, 65 மி.கி. அதிகாரிகள் சொன்னால் மட்டும். கறந்த பால் கூடாது.'

"பால்பவுடர் கொடுக்கலாமா?"

"முன்னாடியே வாங்கி வச்சதுன்னா தாராளமா."